தீ வைக்கவும் ஒரு வேலை இருக்கிறது

வனக்காவலர் பணிக்கு அறிவிப்பு வந்துவிட்டால் மும்பையில் ஆண்டாப் ஹில் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டே கேள்விகள்தான் ஓடும். எத்தனை கிலோமீட்டர் ஓட வேண்டும்? என்னென்ன சர்டிபிகேட் கேட்பார்கள்? அந்த வேலையில் என்னதான் செய்ய வேண்டும் என்று கேட்பவரைக் காணோம். மரம் வெட்டுகிறவனைப் பிடிப்பது, சிறுத்தை குடியிருப்புக்குள் வந்தால் கூண்டு வைப்பது என்று மனதுக்குள் ஒரு சினிமா ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் ஜனவரியில் போய்ச் சேருகிறவர் முதலில் பழக வேண்டியது அரிவாளையும் தீப்பெட்டியையும்தான்.

ஆமாம், காட்டைக் காப்பவரேதான் காட்டில் தீ வைக்கிறார். மகாராஷ்டிர வனத்துறைக்குத் தீப்பருவம் என்பது பிப்ரவரி 15 முதல் ஜூன் 15 வரை. அது பிறப்பதற்குள் பாதையோரமும் எல்லையோரமும் புல்லை அறுத்து, காயவைத்து, எரித்து நீளநீளமான கறுப்புப் பட்டைகளாக ஆக்கிவிட வேண்டும். வெளியிலிருந்து ஓடி வரும் தீ அந்தப் பட்டைக்கு வந்ததும் தின்ன எதுவும் கிடைக்காமல் நிற்கும். மராத்தியில் இது ஜாள் ரேஷா, தமிழ்நாட்டு வனத்துறையில் தீத்தடுப்புக் கோடு. முதுமலையில் குளிர்காலத்தின் தலையாய வேலை இதுதான். போரிவலியில் சுமார் 104 சதுர கிலோமீட்டர் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவைச் சுற்றி நகரமே உட்கார்ந்திருக்கிறது. அங்கே ஒரு பீடித் துண்டு போதும். 2018 டிசம்பர் 3 அன்று கோரேகாவில், ஆரே பக்கத்து மலையில் பிடித்த தீ சில கிலோமீட்டர் பரவியதை மும்பைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்த வேலையை எப்படித் திட்டமிடுகிறார்கள், எப்படி உயிரோடு திரும்புகிறார்கள், கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷனிலிருந்து அதற்குள் நுழைய வழி எது என்பதுதான் இங்கே பேச்சு.

யார் வைக்கலாம்

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம், சின்ன விஷயம்தான். 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம், பிரிவு 26, காப்புக்காட்டில் தீ வைப்பதைக் குற்றமாக்குகிறது. சரணாலயமானால் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 30-ஆம் பிரிவும் கூடவே வரும். வனத்துறை ஊழியரே ஆனாலும் மேலதிகாரியின் உத்தரவு இல்லாமல் குச்சி கிழிக்கக் கூடாது. அந்த உத்தரவை எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது உங்கள் சம்பளத்துக்கு நல்லது.

வடாலா உப்பளப் பக்கம் காய்ந்த புல் கிடக்கிறதே, அங்கே கொஞ்சம் பழகிப் பார்க்கலாமா என்று கேட்கும் துடிப்பான தம்பிகள் உண்டு. கூடவே கூடாது. குப்பையைத் திறந்தவெளியில் எரித்தாலே 5,000 ரூபாய், பெரிய அளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-லேயே சொல்லிவிட்டது. தீ வைக்கப் பழகுவது பயிற்சி பெற்ற குழுவோடு மட்டும்.

எதற்காக வைக்கிறார்கள்

தீத்தடுப்புக் கோடு ஒரு காரணம்தான். அசாமின் காசிரங்காவில் வறண்ட மாதங்களில் உயர்ந்த புல்வெளிகளைப் பகுதி பகுதியாக எரிக்கிறார்கள். எரிக்காவிட்டால் மரங்கள் முளைத்துப் புல்லை மூடிவிடும், காண்டாமிருகத்துக்கு மேயத் தளிர் இருக்காது. மூணாறுக்கு மேலே இரவிகுளத்திலும் புல்வெளியைத் துண்டுகளாகப் பிரித்து முறைவைத்து எரிக்கும் வழக்கம் உண்டு. அங்கே முதுவர் பழங்குடியினர்தான் கைதேர்ந்தவர்கள். எரிந்த இடத்தில் எழும் இளம்புல்லைத் தேடி வரையாடு வரும்.

கதையின் மறுபக்கம் பிலிகிரி ரங்கன் மலையில் இருக்கிறது. அங்கே சோலிகப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகப் பருவத் தொடக்கத்தில், சருகு இன்னும் முழுதும் காயாதபோது, தரையோடு தவழும் சின்னத் தீ வைத்து வந்தார்கள். 1974-இல் சரணாலயம் வந்தது, தீயும் நின்றது. பிறகு உண்ணிச்செடி ஆளுயரத்துக்குப் புதராக மண்டியது. நெல்லி மரங்களில் புல்லுருவி ஏறியது. முன்பு தீ அதை அடக்கி வைத்திருந்தது என்று சோலிகப் பெரியவர்கள் சொல்வார்கள். பெங்களூரு ஏட்ரீ நிறுவனத்து ஆய்வாளர்கள் பாரத் சுந்தரமும் அங்கிலா ஹிரேமத்தும் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். உண்ணிச்செடி மண்டியதற்குத் தீயை நிறுத்தியது மட்டுமே காரணமா, அது முன்பே பரவத் தொடங்கிவிட்டதா என்ற வாதம் ஓயவில்லை. என் பார்வையில், தீயே கூடாது என்கிற அதிகாரியும் எல்லாவற்றையும் கொளுத்தலாம் என்கிறவரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். இருவருமே எந்த மாதம், எந்தப் புல், எத்தனை ஆண்டு இடைவெளி என்று கேட்பதில்லை. ஒரே இடம் அடிக்கடி எரிந்தால் மரக்கன்று தலையெடுக்காது. மேற்குத் தொடர்ச்சி மலையில் தீ திரும்பத் திரும்ப வரும் இடைவெளி சுருங்கிவருவதை நரேந்திரன் கோடண்டபாணி, ராமன் சுகுமார் உள்ளிட்டோர் 2004-இலேயே கவலையோடு பதிவு செய்தார்கள்.

காகிதத்தில் எரிப்பது

தீ வைப்பதற்கு முன் நிலத்தைக் காகிதத்தில் ஒருமுறை எரித்துப் பார்க்க வேண்டும். ஒரு துண்டை எடுத்துக்கொள்வோம். கிழக்கே, கீழே, வண்டிப்பாதை. அங்கிருந்து மேற்கு நோக்கி ஏறும் புல் சரிவு. உச்சியில் மரக்கூட்டம். சரிவில் 200 மீட்டர் நீளத்துக்கு ஒரு பட்டை எரிக்க வேண்டும்.

பழகாதவர் பாதையில் நின்று கீழேயிருந்துதான் வைப்பார். வண்டி பக்கத்தில், தண்ணீர் பக்கத்தில், சௌகரியம். அதுதான் ஆளைக் கொல்லும் சௌகரியம். தீ மேட்டில் ஏறும்போது சுவாலை எதிரே இருக்கும் புல்லின் மேல் சாய்ந்து, அதைத் தொடும் முன்பே காயவைத்துவிடும். சரிவு 10 டிகிரி கூடும்போதெல்லாம் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது காட்டுத்தீக்காரர்களின் பழைய கணக்கு. 2018 மார்ச் 11 அன்று போடிநாயக்கனூர் அருகே குரங்கணி மலையில் மலையேற்றம் போனவர்களைத் தீ மடக்கியது இப்படிப்பட்ட புல் சரிவில்தான். 23 பேர் இறந்தார்கள். அது திட்டமிட்டு வைத்த தீ இல்லை. ஆனால் சரிவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

சரியான வரிசை தலைகீழ். முதலில் உச்சியில், மரக்கூட்டத்துக்கு இப்பால், புல்லையும் சருகையும் மண் தெரியும்வரை வழித்தெடுக்க வேண்டும். மண்வெட்டி, வாரி, இப்போது பல வனச்சரகங்களில் முதுகில் மாட்டும் இலை ஊதும் ப்ளோயரும் உண்டு. அந்த வெறும் மண்ணை ஒட்டி, கீழ்ப்பக்கமாகத் தீ வைத்தால் அது சரிவில் பின்னோக்கி இறங்கும். முழங்கால் உயரம்கூட வராது, நடை வேகத்துக்கும் குறைவு. உச்சியில் ஒரு கறுப்புப் பட்டை உருவானதும் அதற்குக் கீழே நாலைந்து மீட்டர் விட்டு அடுத்த வரி, அதற்கும் கீழே அடுத்தது. ஒவ்வொரு வரியும் மேலே ஓடி, ஏற்கெனவே எரிந்த கறுப்பில் முட்டி அணையும். பாதையோரம் கடைசி.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. வரி வைத்துக்கொண்டு போகிறவருக்கு மேலே தீ, கீழே எரியாத புல். கீழே பாதையில் நிற்கும் யாரோ ஒருவர் ஆர்வக்கோளாறில் ஒரு குச்சியைக் கிழித்தால் மேலே இருப்பவர் கதி அவ்வளவுதான். ஆகவே மேலே ஒரு ஆள் இருக்கும்வரை தீப்பெட்டி ஒரே ஒருவர் பையில்தான் இருக்க வேண்டும். கூட்டமாக வேலை செய்யும் இடத்தில் பீடி பற்றவைக்கக்கூடத் தடை. கடுமையாகத் தோன்றும், பரவாயில்லை.

திட்டத்தாளில் இந்த வரைபடத்தோடு இன்னும் சில எழுதப்பட வேண்டும். எரிப்பதன் நோக்கம், எரியும் பொருள் (புல்லா, சருகா, வெட்டிப்போட்ட உண்ணிச்செடிக் குவியலா), ஆள் கணக்கு, தண்ணீர் எங்கே, யாருக்கெல்லாம் முன்கூட்டிச் சொல்லியாயிற்று, தீ கோட்டைத் தாண்டினால் அடுத்த கோடு எது. புல் ஒரு மணி நேர வெயிலில் காய்ந்துவிடும். தொடை கனத்து மரக்கட்டைக்கு நாள்கணக்கில் பிடிக்கும். காலையில் ஈரமாயிருந்த புல்லை நம்பி மத்தியானம் வைக்கக் கூடாது என்பது இதிலிருந்து வருவதுதான்.

அமெரிக்கத் தீயணைப்பு வீரர் பால் கிளீசன் 1991-இல் நான்கு விஷயங்களைச் சேர்த்துச் சொன்னார்; உலகம் முழுக்க அதைத்தான் இன்றும் ஓதுகிறார்கள். உயரத்தில் நின்று தீயை மட்டும் பார்க்க ஒரு ஆள். எல்லோருக்கும் கேட்கும் தகவல் தொடர்பு. தப்பிக்க இரண்டு வழி. போய் நிற்கத் தீ தொடாத ஓர் இடம். ஏற்கெனவே எரிந்து ஆறிய கறுப்பு நிலம்தான் பெரும்பாலும் அந்த இடம். புதிதாகச் சேருகிறவர் தீ வைப்பதற்கு முன் மேஸ்திரியிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "அண்ணே, ஓடணும்னா எங்க ஓடணும்?" பதில் உடனே வராவிட்டால் திட்டம் தயாராகவில்லை.

மும்பைக் காற்று

ஆண்டாப் ஹில்லில் வளர்ந்தவருக்கு ஒரு அனுகூலம் உண்டு. அது அவருக்கே தெரியாது. குளிர்கால விடியலில் கிழக்கிலிருந்து, செம்பூர் மாஹுல் பக்கத்திலிருந்து, ரிஃபைனரி வாடை வரும். மத்தியானம் ஆனால் அது போய்விடும், கடற்காற்று வீசும். ராத்திரியில் நிலம் சீக்கிரம் ஆறுகிறது. காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகிறது. வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, முற்பகலுக்கும் நடுப்பகலுக்கும் இடையில் ஒரு நேரத்தில் காற்று அப்படியே திரும்பி மேற்கு, வடமேற்கிலிருந்து அடிக்கும். பாத்ரூம் ஜன்னலைத் திறந்து மூடும் நேரமாக நமக்குப் பழகிப்போனது, தீ வைப்பவருக்கு உயிர்க்கணக்கு.

மேலே சொன்ன சரிவையே பாருங்கள். காலையில் கிழக்குக் காற்று தீயை மேற்கே, உச்சியிலுள்ள கறுப்பை நோக்கித் தள்ளும். நமக்குச் சாதகம். காற்று திரும்பியதும் அதே தீ, பாதியில் நிற்கும் எரியாத புல் பக்கம் தலை திருப்பும். ஆக, காலைப் பனி புல்லில் உலர்ந்த பிறகு தொடங்கி, கடற்காற்று வருமுன் முடிக்க வேண்டும். மும்பைப் பக்க மலைகளில் அப்படிக் கிடைப்பது சில மணி நேரம்தான். ரொம்பச் சீக்கிரம் வைத்தாலும் சிக்கல்: குளிர்ந்த காலையில் புகை மேலே எழாமல் தரையோடு படிந்து, பக்கத்துச் சாலையிலும் குடியிருப்பிலும் உட்காரும். ஆஸ்துமா இருக்கும் பாட்டிக்கு அது வனத்துறைப் புகையா குப்பைப் புகையா என்று தெரியாது, திட்டு ஒன்றுதான்.

காற்றை அளக்கக் கையடக்கக் கருவி இருக்கிறது. இல்லாவிட்டாலும் ஒரு பிடி மண்தூளை உயர்த்தி விட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவின் தென் மாநிலக் கைநூல்கள் ஈரப்பதம் 30 முதல் 55 சதவீதத்துக்குள் இருப்பதை விரும்புகின்றன. அதற்குக் கீழே போனால் தீப்பொறி பறந்து எல்லை தாண்டிப் பற்றும், மேலே போனால் பற்றவே பற்றாது. நம் ஊர்ப் புல்லுக்கு அந்த எண்ணை அப்படியே எடுக்க வேண்டாம், சொந்தக் குறிப்பேடு வைத்துக்கொண்டால் இரண்டு பருவத்தில் உங்கள் எண் தெரிந்துவிடும்.

எரிக்கும் நாள்

உடை: முழுக்கைப் பருத்திச் சட்டை, பருத்தி அல்லது டெனிம் பேன்ட், தோல் பூட்ஸ். காந்தி மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கும் வழுவழுப்பான ஜிம் டீ-ஷர்ட் வேண்டவே வேண்டாம். செயற்கை நூல் எரிவதோடு நிற்காது, உருகித் தோலில் ஒட்டும்.

எல்லோரும் வந்ததும் மூலையில் ஓரிரு மீட்டர் சதுரத்துக்கு ஒரு சோதனைத் தீ. அது எப்படி நடக்கிறது, புகை எங்கே சாய்கிறது, சுவாலை எவ்வளவு உயரம் என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். காகிதத்தில் எழுதியது ஒன்று, கண்ணில் படுவது வேறு என்றால் அணைத்துவிட்டு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இந்த வேலையில் மிகக் கடினமான இடம் இதுதான். முப்பது பேர் தினக்கூலிக்கு வந்து நிற்கிறார்கள், ரேஞ்சர் ஜீப்பில் வந்து இறங்கியிருக்கிறார், மார்ச்சுக்குள் பணத்தைச் செலவழித்துக் கணக்குக் காட்ட வேண்டும். அத்தனைக்கும் நடுவில் "இன்னைக்கு வேணாம் சார், காத்து சரியில்ல" என்று சொல்ல ஒருவர் வேண்டும். 2000-ஆம் ஆண்டு மே 4 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஒரு தேசிய நினைவிடப் பகுதியில் திட்டமிட்டு வைத்த தீ கைமீறியது. சில நாளில் அது லாஸ் அலமோஸ் ஊருக்குள் புகுந்து 400-க்கும் மேற்பட்ட குடும்பங்களை வீடில்லாமல் ஆக்கியது. வைத்தவர்கள் பயிற்சி பெற்றவர்கள்தான், கையில் திட்டத்தாளும் இருந்தது.

அணைந்ததா?

அதே நியூ மெக்சிகோவில் 2022-இல் இன்னொன்று நடந்தது. ஏப்ரல் 6 அன்று வைத்த திட்டத்தீ ஒன்று தாண்டிப் போனது. அது போதாதென்று, ஜனவரியில் எரித்த மரக்குவியல் ஒன்று பனிக்கு அடியில் மாதக்கணக்கில் கனன்றுகொண்டிருந்து ஏப்ரலில் எழுந்தது. இரண்டும் சேர்ந்து 3,41,000 ஏக்கர். அமெரிக்க வனத்துறை நாடு முழுக்கத் திட்டத்தீக்களை 90 நாள் நிறுத்தி வைத்தது.

பனிக்கு அடியிலே நெருப்பா என்று வாயைப் பிளக்க வேண்டாம். 2016 ஜனவரி கடைசியில் தேவ்நார் குப்பைமேட்டில் பிடித்த தீயின் புகையை ஆண்டாப் ஹில்லும் மூச்சில் வாங்கியிருக்கிறது. மேலே தண்ணீர் ஊற்ற ஊற்ற, உள்ளே கனன்று நாள்கணக்கில் புகைந்தது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள், செயற்கைக்கோள் படத்தில்கூட அந்தப் புகை விழுந்தது. காட்டிலும் அப்படித்தான். பட்டுப்போன மரத்தின் வேர், சாணி உருண்டை, மூங்கில் கிழங்கு ஆகிய மூன்றுக்குள்ளும் தீ ஒளிந்து கிடக்கும்.

அதனால்தான் வைக்க இரண்டு மணி நேரம், பார்க்க ஒரு நாளோ இரண்டு நாளோ. விளிம்பிலிருந்து உள்நோக்கி நடந்து, சாம்பலைக் கிளறி, புறங்கையை முதலில் பக்கத்தில் கொண்டுபோய், சூடு தெரியாவிட்டால்தான் விரலை வைத்துத் தொட வேண்டும். உள்ளங்கையைவிடப் புறங்கைக்கு வெப்பம் சீக்கிரம் உறைக்கும். சுட்டாலும் மறுநாள் அரிவாள் பிடிக்கலாம். எல்லையோரம் நிற்கும் பட்ட மரத்தின் அடியை வெட்டித் திறந்து பார்க்க வேண்டும். மறுநாள் காற்று திரும்பும் நேரத்தில், அதாவது நடுப்பகலில், மறுபடி ஒருமுறை சுற்றி வர வேண்டும். இதைச் சலிக்காமல் செய்கிறவர் யார் என்பதைக் குழு ஒரே பருவத்தில் கண்டுபிடித்துவிடும். அடுத்த ஆண்டு தீப்பெட்டி அவர் பைக்குத்தான் போகும்.

நுழைவது எப்படி

நேர்வழி மகாராஷ்டிர வனத்துறையின் வன்ரக்ஷக், அதாவது வனக்காவலர் தேர்வு. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல், கணிதம், புவியியல், பொருளியல் இவற்றில் ஏதாவது ஒன்று படித்திருக்க வேண்டும், மராத்தி எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். அண்மை ஆட்சேர்ப்புகளில் ஆண்களுக்கு 5 கிலோமீட்டர், பெண்களுக்கு 3 கிலோமீட்டர் ஓட்டம் இருந்தது. அறிவிப்புக்கு அறிவிப்பு விதி மாறும், அன்றைய தாளைப் படியுங்கள். முனிசிபல் பள்ளியிலும் தெருவிலும் கற்ற மராத்தி பேசப் போதும், எழுத்துத் தேர்வுக்குப் போதாது. ஆறு மாதம் மராத்திச் செய்தித்தாள் படியுங்கள்.

ஊர்ப்பக்கம் முயல்கிறவர்களுக்கு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4. வனக்காப்பாளர், வனக்காவலர் பணியிடங்கள் 2024 முதல் அதில் வருகின்றன. தமிழ்த் தகுதிப் பகுதியில் 40 சதவீதம் எடுத்தால்தான் மற்ற பகுதியைத் திருத்துவார்கள். இங்கிலீஷ் மீடியத்தில் படித்த மும்பைத் தமிழ்ப் பிள்ளைகள் தடுக்கி விழுவது இங்கேதான். வீட்டில் பேசுகிறோமே என்ற தைரியம் தேர்வில் செல்லாது.

அடுத்தது சான்றிதழ். திருநெல்வேலியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வந்த குடும்பங்களுக்கு இது பழைய புண். ஒரு மாநிலத்துச் சாதிச் சலுகை இன்னொரு மாநிலத்துக்குக் கூடவே வராது என்று உச்ச நீதிமன்றம் 1990-இலும் பிறகு 2018-இலும் சொல்லியிருக்கிறது. மகாராஷ்டிரத்தில் பட்டியல் சாதிச் சான்றுக்கு 1950 ஆகஸ்ட் 10, பழங்குடிச் சான்றுக்கு 1950 செப்டம்பர் 6, இதர பிற்படுத்தப்பட்டோர் சான்றுக்கு 1967 அக்டோபர் 13 ஆகிய தேதிகளில் குடும்பம் இங்கே இருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். தாத்தா காலத்து மில் வேலை அட்டை, பழைய பள்ளிப் பதிவு, ரேஷன் கார்டு எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். அதற்குப் பிறகு வந்த குடும்பமானால் மாநில வேலைக்குப் பொதுப் பிரிவு என்று எண்ணிப் படிப்பதே நல்லது. பட்டம் முடித்து யூ.பி.எஸ்.சி. வழியாக இந்திய வனப் பணிக்குப் போகிறவருக்குக் கதை வேறு. அது மத்தியப் பணி, அப்பாவின் சொந்த மாநிலச் சான்று அங்கே செல்லும்.

ஓட்டம் ஒத்துவராதவருக்குக் கம்ப்யூட்டர் பக்கம் இடம் இருக்கிறது. டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் வழியாகத் தீ எச்சரிக்கை அனுப்புகிறது. பதிவு செய்துகொண்டால் உங்கள் போனுக்கும் வரும். 375 மீட்டர் கட்டம்வரை பார்க்கும் சுவோமி செயற்கைக்கோள் பகல் ஒன்றரை மணி வாக்கில் ஒருமுறை, இரவு ஒன்றரை மணி வாக்கில் ஒருமுறை கடக்கும். அதற்கு இடையில் பற்றி அணைந்த தீ அதன் கண்ணில் படாது. எச்சரிக்கையை வரைபடத்தில் பொருத்தி, அது காட்டுத்தீயா, கொங்கண் விவசாயி நாற்றங்காலுக்கு எரித்த ராபா என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த ஆள் மாவட்டத்துக்கு மாவட்டம் வேண்டும். இலவச க்யூ.ஜி.ஐ.எஸ். மென்பொருளை வீட்டிலேயே பழகலாம்.

மூன்றாவது வழி, தீப்பருவத்துக்கு மட்டும் எடுக்கும் தினக்கூலி வாட்சர் வேலை. கல்லூரி முடித்து அனுபவத்துக்காகப் போகிறவர்கள் உண்டு. போகலாம், ஆனால் சேரும் முன் மூன்றைக் கேளுங்கள்: காப்பீடு உண்டா, பூட்ஸும் உடையும் யார் தருகிறார்கள், வாக்கி-டாக்கி எத்தனை. 2020 பிப்ரவரி 16 அன்று கேரளத்தில் திருச்சூர் மாவட்டம் கொற்றம்பத்தூரில் தீயணைக்கப் போன மூன்று வாட்சர்கள் நெருப்பில் மாட்டி இறந்தார்கள். காப்பீடு பற்றிக் கேட்டால் மேஸ்திரி முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். தெளிவான பதில் வராத இடத்தில் பெயர் கொடுக்காதீர்கள்.

உடம்பைத் தயார் செய்ய ஃபைவ் கார்டன்ஸ் பூங்காப் பக்கத்து ஓட்டம் போதாது, அங்கே தரை சமம். தமிழ்நாட்டுத் தேர்வில் ஆண்களுக்கு 25 கிலோமீட்டரையும் பெண்களுக்கு 16 கிலோமீட்டரையும் 4 மணி நேரத்தில் நடந்து காட்ட வேண்டும். ஆண்களுக்கு அது ஒரு கிலோமீட்டருக்குப் பத்து நிமிடத்துக்கும் குறைவு. கிங்ஸ் சர்க்கிளில் கோரேகாவ் வண்டி ஏறி, அங்கே மாறி போரிவலியில் இறங்குங்கள். பூங்கா வாசலிலிருந்து கான்ஹேரி குகைவரை ஏறும் பாதை ஆறேழு கிலோமீட்டர். இரண்டு முறை போய் வந்தால் கணக்கு நேராகும். தேர்வுக்குப் போட்டுப்போக நினைக்கும் பூட்ஸையே அதற்கும் போடுங்கள். கொப்புளம் வருவதானால் இங்கேயே வந்து ஆறட்டும்.